ஆய்வெழுத்தைக் கற்றுத்தர வார்ப்புருக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவர்களை ஆய்வுக் கட்டுரை எழுத வைக்கும் ஆசிரியர்களோடு பேசும்போதெல்லாம் வார்ப்புரு பற்றிய அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. சிலவற்றை மாணவர்களே கேட்டார்கள். அவரவர் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தந்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளுக்குப் பெரும்பாலும் 'வீட்டுப்பாடம் தேவையா' என்ற ஒரே தலைப்பைத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். தலைப்பு மாறாமல் இருந்தால் வாக்கியம் எப்படி மாறுகிறது என்பது கண்ணில் படும்.

வார்ப்புரு என்றால் சரியாக என்ன? மாதிரிக் கட்டுரை கொடுப்பதும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. மாதிரிக் கட்டுரை என்பது எழுதி முடிக்கப்பட்ட ஒன்று. அதில் எது அந்தத் தலைப்புக்காக வந்தது, எது எல்லாக் கட்டுரைக்கும் பொதுவானது என்று பிரித்துப் பார்க்கப் புதிதாக எழுத வருபவருக்குத் தெரியாது. அதனால் பலர் தகவலையும் சேர்த்தே நகலெடுக்கிறார்கள். வார்ப்புருவில் தலைப்புக்குரியதெல்லாம் நீங்கி, வாதத்தின் எலும்புக்கூடு மட்டும் நிற்கும். இப்படி:

"____ என்பது பரவலான கருத்து. இதற்கு ஆதாரமாக ____ சுட்டப்படுகிறது. ஆனால் ____ சூழலில் இது பொருந்துவதில்லை; காரணம், ____."

நான்கு கோடிட்ட இடங்களும் நான்கு கேள்விகள். பிறர் என்ன சொல்கிறார்கள்? எதை வைத்துச் சொல்கிறார்கள்? அது எங்கே உடைகிறது? ஏன்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேட வைப்பதுதான் வார்ப்புருவின் வேலை. சுற்றியுள்ள சொற்கள் அவற்றை ஏந்தி நிற்கின்றன, அவ்வளவுதான். கீழே உள்ள பதில்களில் பல இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

அச்சில் வார்த்த மாதிரி எழுத வைத்தால் சொந்தச் சிந்தனை செத்துவிடாதா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் உள்ள அக்கறை நியாயமானது. ஆனால் வார்ப்புரு கொடுக்காவிட்டால் மாணவர் சுதந்திரமாக எழுதிவிடுவார் என்று நினைப்பது தவறு. "இன்றைய நவீன உலகில் கல்வியின் முக்கியத்துவம் அளப்பரியது" என்று தொடங்கி, "எனவே அனைவரும் ஒன்றிணைந்து செயல்பட்டால் வெற்றி நிச்சயம்" என்று முடியும் கட்டுரைகளை நாம் எத்தனை பார்த்திருப்போம்! அதுவும் வார்ப்புருதான். யாரும் கையில் கொடுக்காமலேயே பள்ளிக் கட்டுரைகளிலிருந்தும் மேடைப் பேச்சுகளிலிருந்தும் வந்து ஒட்டிக்கொண்டது. அதில் யோசித்து நிரப்ப வேண்டிய இடமே கிடையாது. யோசித்தால் மட்டுமே நிரம்பும் ஒன்றை அந்த இடத்தில் வைக்கிறோம்.

வெண்பாவுக்குச் சீரும் தளையும் வரையறுக்கப்பட்டவை. அதனால் எல்லா வெண்பாவும் ஒரே பாட்டாகிவிடவில்லை. வடிவம் கட்டாயமாக இருக்கும்போது உள்ளே என்ன வருகிறது என்பதில் கவனம் குவிகிறது. கட்டுரையிலும் அதுதான் நடக்கிறது.

வார்ப்புரு உண்மையிலேயே சிந்தனையைக் கெடுக்கும் இடம் ஒன்று உண்டு. எந்தப் பக்கம் நிற்பது, எத்தனை காரணம் சொல்வது என்பதையும் அதுவே முடிவு செய்துவிட்டால் கெடுதல்தான். "இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன" என்று அச்சடித்துக் கொடுத்தால், இரண்டு காரணம் வைத்திருப்பவர் மூன்றாவதை இட்டுக்கட்டுவார். ஐந்து வைத்திருப்பவர் இரண்டை விழுங்கிவிடுவார். உடன்படவும் மறுக்கவும் பாதி உடன்படவும் தனித்தனி வார்ப்புருக்கள் கொடுங்கள். எதை எடுப்பது என்ற முடிவு மாணவருடையதாக இருக்கட்டும்.

இது வெளிநாட்டிலிருந்து வந்த புது உத்திதானே? நம் மரபில் இப்படி எதுவும் இல்லையே?

இன்று பேசப்படும் வாக்கிய வார்ப்புருக்களைக் கல்லூரி வகுப்புகளில் பரவலாக்கியதில் ஜெரால்ட் கிராஃப், கேத்தி பிர்க்கென்ஸ்டைன் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் 2006-ல் வெளியிட்ட பாடநூலுக்குப் பெரிய பங்கு உண்டு. பிறர் சொல்வதை முதலில் சொல், அதற்கு மறுமொழியாக உன் கருத்தை வை என்பதுதான் அதன் அடிப்படை.

அந்த அடிப்படை நமக்குப் புதியதல்ல. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் ஒரு நூலுக்குரிய ஏழு மதங்களை, அதாவது நூலாசிரியர் எடுக்கும் நிலைப்பாடுகளை, வரிசைப்படுத்துகிறார். பிறர் கருத்துக்கு உடன்படல், மறுத்தல், முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைதல், தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்தல், இருவர் மாறுபடும் இடத்தில் ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறரோடு சேராமல் தன் கருத்தையே கொள்ளுதல். ஒரு ஆய்வாளர் முந்தைய ஆய்வுகளோடு கொள்ளக்கூடிய உறவுகள் ஏறக்குறைய முழுவதும் இதில் அடங்கிவிடுகின்றன. பழைய உரையாசிரியர்களின் "என்பாரும் உளர்", "அற்றேல்" (அப்படியானால்), "அற்றன்று" (அப்படியன்று) போன்ற தொடர்களும் வாதத்தின் திருப்பங்களைக் காட்டும் வார்ப்புகள்தான். அவற்றைப் பார்த்தவுடனே அடுத்து வருவது எதிர்த்தரப்பா மறுப்பா என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

வகுப்பில் இந்த ஏழையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, "நீங்கள் எழுதப்போகும் பத்தி இவற்றில் எது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல முடியாத மாணவர் இன்னும் எழுதத் தயாராகவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். நான் பார்த்தவரை, மாணவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டிலேயே நின்றுவிடுகிறார்கள். மூன்றாவதும் ஐந்தாவதும்தான் ஆய்வெழுத்தில் அதிகம் தேவைப்படுபவை.

என்னென்ன வகை இருக்கிறது? நான் எதிலிருந்து தொடங்கட்டும்?

அளவை வைத்துப் பார்த்தால் மூன்று: வாக்கிய அளவு, பத்தி அளவு, முழுக் கட்டுரை அளவு. பலரும் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறார்கள். முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று பட்டியல் கொடுத்தால் வேலை முடிந்ததாகத் தோன்றுவதுதான் காரணம். பட்டியல் கிடைத்த மாணவருக்கு எந்த வரிசையில் எழுதுவது என்பது தெரியும். எப்படி வாதிடுவது என்பது தெரியாது.

வாக்கிய அளவில் தொடங்குங்கள். அதிலும், பிறர் கருத்தை நேர்மையாகச் சுருக்கிச் சொல்லும் வார்ப்புருவிலிருந்து. "____ இதில் முன்வைக்கும் முக்கியமான வாதம் இது: ____. இதை அவர் ____ கொண்டு நிறுவ முயல்கிறார்." சாதாரணமாகத் தெரியும். ஆனால் இரண்டாவது வாக்கியத்தை நிரப்ப, மாணவர் மூலக் கட்டுரையை மறுபடி திறந்தே ஆக வேண்டும்.

பத்தி அளவுக்கு மெய்யியலாளர் ஸ்டீபன் டூல்மின் 1958-ல் முன்வைத்த வாத அமைப்பு நல்ல துணை. கூற்று, ஆதாரம், இரண்டையும் இணைக்கும் நியாயம் ஆகிய மூன்றும் அதன் நடுப்பகுதி. மாணவர்கள் விடுவது எப்போதும் மூன்றாவதைத்தான். "வீட்டுப்பாடம் செய்பவர்கள் அதிக மதிப்பெண் எடுக்கிறார்கள், ஆகவே வீட்டுப்பாடம் பயனுள்ளது" என்று எழுதிவிடுவார்கள். "இந்த ஆதாரம் அந்த முடிவைத் தாங்குவது எப்படியென்றால், ____" என்ற ஒரு வரியைக் கட்டாயமாக்குங்கள். ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்கள்தான் வீட்டுப்பாடத்தையும் ஒழுங்காகச் செய்கிறார்களோ என்ற சந்தேகம் அந்த வரியை எழுத உட்காரும்போதுதான் எழும்.

தாளில் அச்சடித்துக் கொடுத்தால் போதுமா? வகுப்பில் எப்படி அறிமுகப்படுத்துவது?

தாளைக் கொடுப்பது கடைசி வேலை. முதலில் மாணவர்கள் துறையில் நன்றாக எழுதப்பட்ட ஒரு கட்டுரையிலிருந்து ஒரு பக்கத்தை எடுங்கள். தலைப்பு மாறினால் மாறிவிடும் சொற்களை எல்லோரும் அடிக்கட்டும். மிஞ்சுவதுதான் வார்ப்புரு. தாங்களே கண்டெடுத்ததால் அது எதற்காக அங்கே இருக்கிறது என்று அவர்களுக்குப் புரிந்திருக்கும்.

அப்புறம், எல்லோருக்கும் தெரிந்த ஒரு தலைப்பில் கரும்பலகையில் சேர்ந்து எழுதுங்கள். மாணவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி, அடித்து, மாற்றி எழுத வேண்டும். அடிப்பதும் மாற்றுவதும் அவர்கள் கண்முன் நடப்பது முக்கியம். அதன் பிறகே தனியாக எழுதும் வேலை. பிரித்துப் பார்த்தல், சேர்ந்து எழுதல், தனித்து எழுதல் என்ற இந்த மூன்று கட்டங்களும் ஆஸ்திரேலியாவில் 1980களில் வளர்ந்த, எழுத்து வகைமையை மையமாகக் கொண்ட கற்பித்தல் முறையில் இருப்பவை. நடுக்கட்டத்துக்கு நேரம் இல்லை என்று தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். அதைத் தாண்டினால் அடுத்த கேள்வியில் உள்ள சிக்கல் நிச்சயம் வரும்.

கோடிட்ட இடத்தை நிரப்பிவிட்டு வந்துவிடுகிறார்கள், ஆனால் உள்ளே சரக்கே இல்லை. என்ன செய்வது?

இதுதான் எல்லோருக்கும் வரும் பிரச்சினை. முதல் பதிலில் உள்ள வார்ப்புருவை ஒரு மாணவர் இப்படி நிரப்புவார்: "வீட்டுப்பாடம் அவசியம் என்பது பரவலான கருத்து. இதற்கு ஆதாரமாகப் பல ஆய்வுகள் சுட்டப்படுகின்றன. ஆனால் சில சூழலில் இது பொருந்துவதில்லை. காரணம், ஒவ்வொரு சூழலும் வேறுபட்டது." இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. செய்தியும் ஒன்றும் இல்லை.

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. தலைப்பை மட்டும் மாற்றிப் பாருங்கள். 'வீட்டுப்பாடம்' இருக்கும் இடத்தில் 'உடற்பயிற்சி' என்று போட்டாலும் பத்தி அப்படியே நிற்கிறதா? நின்றால் அது வெற்றுப் பத்தி. மாணவர்களே தங்களுக்குள் தாளை மாற்றிக்கொண்டு இதைச் செய்யலாம். இதற்கு ஆசிரியர் தேவையில்லை. சோதனையில் தோற்ற பத்தியைத் திருத்தும்போது, ஒவ்வொரு கோட்டிலும் சரிபார்க்கக்கூடிய ஒன்று, அதாவது ஒரு பெயர், ஒரு வயது, ஒரு நிபந்தனை, ஒரு அளவு, இருந்தே ஆக வேண்டும் என்று கேளுங்கள். அப்போது இப்படி வரும்: "தொடக்க வகுப்புகளில், குறிப்பாக வீட்டில் உதவ ஆளில்லாத பிள்ளைகளுக்கு, இது பொருந்துவதில்லை, காரணம், தனியே செய்யும்போது நேரும் பிழை திருத்தப்படாமலே பழகிவிடுகிறது." இதில் உடற்பயிற்சியைப் பொருத்திப் பாருங்கள், பொருந்தாது.

இன்னொன்று. எழுதும் முன் வாய்ப்பேச்சில் பதில் வாங்குங்கள். "சரி, எந்தப் பிள்ளைகளுக்கு ஒத்துவராது? ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலானவர்களிடம் பதில் இருக்கிறது. எழுத்து என்றதும் கனமான சொற்களைத் தேடப் போய் அந்தப் பதிலை இழந்துவிடுகிறார்கள். பேசியதைக் குறித்துக்கொண்டு பிறகு வார்ப்புருவுக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள்.

பெரிய ஆய்வாளர் சொன்னதை மறுக்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

மாணவர்கள் கேட்கும் கேள்வி இது. இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கவனமாகப் படிப்பவர்கள், அதனால் பதிலும் கவனமாகவே இருக்க வேண்டும். மறுப்பது என்றால் அவர் தவறு என்று அறிவிப்பது என்று நினைப்பதால் வரும் தயக்கம் இது. நன்னூலின் ஏழில் மறுத்தல் ஒன்றே ஒன்றுதான் என்பதை நினைவுபடுத்துங்கள்.

தயங்குபவர்களுக்கு எல்லை காட்டும் வார்ப்புரு உதவும்: "____ சொல்வது ____ வரையில் சரியே. ஆனால் அவர் எடுத்துக்கொண்ட தரவு ____ மட்டுமே என்பதால், ____ குறித்து இன்னும் கேள்வி எஞ்சுகிறது." இதில் யாருடைய மரியாதையும் குறைவதில்லை. வீட்டுப்பாடம் பற்றிய ஒரு ஆய்வு உயர்நிலை மாணவர்களை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால், சிறு பிள்ளைகளைப் பற்றி அதை வைத்துப் பேச முடியாது என்று சொல்ல யாருக்கும் தகுதி உண்டு. அந்த ஆய்வாளரே அதை ஒப்புக்கொண்டிருப்பார். பல கட்டுரைகளின் கடைசிப் பகுதியில் ஆய்வின் எல்லைகள் என்று அவர்களே எழுதியிருப்பதைக் காட்டுங்கள்.

இன்னொருவர் எழுதிய வாக்கியத்தை எடுத்துப் பயன்படுத்துவது கருத்துத் திருட்டு ஆகாதா?

"இதற்கு மாறாக", "இந்த முடிவு மூன்று காரணங்களால் கேள்விக்குரியது" போன்ற பொதுத் தொடர்கள் யாருக்கும் சொந்தமானவை அல்ல. ஒரு துறையில் எழுதும் எல்லோரும் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகம் ஆய்வெழுத்துக்கான பொதுத் தொடர்களைத் தொகுத்து, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்றே இணையத்தில் வைத்திருக்கிறது.

திருட்டு தொடங்குவது உள்ளடக்கத்தில். ஒருவருடைய கண்டுபிடிப்பு, தரவு, அவருக்கே உரிய வாதத்தின் போக்கு, அவர் உருவாக்கிய கலைச்சொல், அவர் மட்டுமே சொல்லக்கூடிய உவமை, இவற்றை எடுத்தால் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். ஐந்தாவது கேள்வியில் சொன்ன அடித்துப் பார்க்கும் பயிற்சி இங்கேயும் கைகொடுக்கும். அடிபட்டுப் போன சொற்கள் எழுதியவருடையவை, மிஞ்சியவை பொதுவானவை. வாக்கியத்தின் சொற்களுக்குப் பதில் சொற்கள் மட்டும் போட்டு மாற்றி எழுதுவது பொதுத் தொடர் என்ற கணக்கில் வராது. அது வார்ப்புருவும் ஆகாது, சொந்த எழுத்தும் ஆகாது.

ஆய்வுக் கட்டுரையின் முன்னுரையில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். அதற்கு ஏதாவது உண்டா?

உண்டு, நன்றாக ஆராயப்பட்ட ஒன்று. மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளைப் பிரித்துப் பார்த்து, அவை மூன்று நகர்வுகளில் செல்வதாக 1990-ல் ஒரு மாதிரியை விளக்கினார். முதலில் களத்தைக் காட்டுவது. இரண்டாவது, அந்தக் களத்தில் ஒரு காலியிடத்தைக் காட்டுவது. மூன்றாவது, அந்த இடத்தில் தன் ஆய்வை அமர்த்துவது.

"____ பற்றி ____, ____ ஆகிய கோணங்களில் ஆய்வுகள் நடந்துள்ளன. ஆனால் ____ இன்னும் தெளிவாகவில்லை. இது தெரியாமல் இருப்பதால் ____. இக்கட்டுரை ____ தரவுகளைக் கொண்டு அந்தக் கேள்வியை ஆராய்கிறது."

மூன்றாவது வாக்கியம் நான் வலியுறுத்துவது. "இதுவரை யாரும் ஆராயவில்லை" என்று சொன்னால் போதும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். யாரும் ஆராயாததற்கு, அது ஆராயத் தேவையில்லாதது என்பதும் காரணமாக இருக்கலாம். தெரியாமல் இருப்பதால் யாருக்கு என்ன நட்டம் என்று ஒரு வரி எழுத முடிந்தால்தான் அது காலியிடம். காலியிடத்தைக் காட்ட வேறு வழிகளையும் ஸ்வேல்ஸ் குறிப்பிடுகிறார்: முந்தைய கருத்தை மறுக்கலாம், புதுக் கேள்வி எழுப்பலாம், நடந்து வரும் ஆய்வு மரபைத் தொடரலாம். எல்லோரும் 'யாரும் ஆராயவில்லை' என்பதையே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை.

அறிவியல் மாணவர்களுக்கு இது எதற்கு? அவர்களுக்குத்தான் முன்னுரை, முறை, முடிவுகள், விவாதம் என்று ஏற்கெனவே வடிவம் இருக்கிறதே?

அந்த வடிவமே ஒரு வார்ப்புருதான். மருத்துவ இதழ்களில் அது 1940களில் பரவத் தொடங்கி, 1980களில் ஏறக்குறைய ஒரே வடிவமாக நிலைபெற்றது. சுருக்கத்தையும் நோக்கம், முறை, முடிவு என்று உட்தலைப்பிட்டுப் பிரிக்கும் வழக்கத்தை மருத்துவ இதழ்கள் 1987 முதல் கொண்டுவந்தன. படிப்பவருக்கு வேண்டியதை உடனே கண்டுபிடிக்க முடிகிறது என்பதுதான் இவற்றின் பலன்.

சிக்கல் விவாதப் பகுதியில். முடிவுகளையே வேறு சொற்களில் மறுபடி எழுதிவிடுவார்கள். அங்கே வாக்கிய வார்ப்புரு தேவைப்படுகிறது: "____ என்ற முடிவு ____ ஆய்வோடு ஒத்துப்போகிறது, ____ ஆய்வோடு முரண்படுகிறது. இந்த முரணுக்கு ____ காரணமாக இருக்கலாம்."

எல்லா வாக்கியத்தையும் 'எனலாம்', 'இருக்கலாம்' என்று முடிக்கிறார்கள். அடக்கமாக எழுதச் சொன்னது தப்பா?

தப்பில்லை, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறோம். ஆய்வாளர்கள் தங்கள் கூற்றின் உறுதியை அளந்து வைப்பதைப் பற்றி மொழியியலாளர் கென் ஹைலண்ட் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அளந்து சொல்லும் பழக்கம் துறைக்குத் துறை வேறுபடுகிறது என்பதும், இயற்கை அறிவியலைவிட சமூகவியல், மெய்யியல் போன்ற துறைகளில் அது கூடுதலாக இருக்கிறது என்பதும் அவர் காட்டியவை. அடக்கத்துக்காக 'எனலாம்' போடுவது வேறு. ஆதாரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு சொல்வதுதான் நமக்கு வேண்டியது.

எனவே வினைமுற்றை ஆதாரத்தோடு கட்டிவிடுங்கள். "____ மட்டுமே ஆராயப்பட்டதால் ____ என்று உறுதியாகச் சொல்ல முடியாது; எனினும் ____ எனக் கருத இடமுண்டு." தயக்கத்துக்கான காரணத்தை எழுத வேண்டியிருப்பதால், காரணமே இல்லாத இடத்தில் 'எனலாம்' தானாக உதிர்ந்துவிடும். "நீர் கடல்மட்டத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கிறது எனலாம்" என்று எழுதுபவருக்கு இதைக் காட்டினாலே போதும்.

ஆங்கிலத்தில் உள்ள வார்ப்புருக்களை அப்படியே தமிழாக்கிக் கொடுக்கலாமா?

வேண்டாம். ஆங்கிலத்தில் யார் சொல்கிறார், ஏற்றுச் சொல்கிறாரா மறுத்துச் சொல்கிறாரா என்பது வாக்கியத்தின் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். தமிழில் "என்று வாதிடுகிறார்" கடைசியில் வருகிறது. நான்கு வரி நீளும் வாக்கியத்தில், கடைசிச் சொல் வரும்வரை அது கட்டுரையாளரின் சொந்தக் கருத்து என்றே படிப்பவர் நினைத்துக்கொண்டிருப்பார். அதனால் உரியவரை முன்னால் நிறுத்தி, வாக்கியத்தை இரண்டாக உடைக்கும் வார்ப்புருக்களே தமிழுக்கு நல்லது. "____ இதை வேறு விதமாகப் பார்க்கிறார். அவர் கருத்துப்படி ____."

இன்னொரு நடைமுறைச் சிக்கல் வேற்றுமை உருபு. கோட்டுக்குப் பக்கத்தில் 'ஐ', 'இல்' என்று அச்சடித்துவிட்டால், நிரப்பும் சொல்லோடு அது சேராமல் "வீட்டுப்பாடம்ஐ" என்று எழுதி வருவார்கள். கோட்டுக்குப் பிறகு 'பற்றி', 'குறித்து', 'என்பது' போன்ற தனிச் சொல் வருமாறு அமைத்துவிடுங்கள். அல்லது உருபையும் மாணவரே எழுதும்படி கோட்டை நீட்டிவிடுங்கள். வார்ப்புருக்களைத் தமிழில் நன்றாக எழுதப்பட்ட ஆய்வுகளிலிருந்து எடுத்தால் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் வராது.

ஐந்து பத்திக் கட்டுரை முறையைக் கற்றுத்தரலாமா?

முன்னுரை, காரணத்துக்கு ஒன்றாக மூன்று பத்தி, முடிவுரை என்ற அந்த முறை நேரம் வைத்து எழுதும் தேர்வுக்கு உதவும். ஆய்வெழுத்துக்கு உதவாது. காரணத்தை இரண்டாவது பதிலில் சொல்லிவிட்டேன்: எத்தனை காரணம் என்பதை அது முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது.

எல்லோர் கட்டுரையும் ஒரே மாதிரி இருக்கிறது, திருத்தவே அலுப்பாக இருக்கிறது. இது சரியா?

தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும், அதில் தவறில்லை. அமைப்பு ஒன்றாக இருக்கும்போது எந்த மாணவர் எதைப் புரிந்துகொள்ளவில்லை என்பது பளிச்சென்று தெரியும். ஆதாரத்தையும் முடிவையும் இணைக்கும் வரியை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள், அடுத்த வகுப்பில் எதை நடத்த வேண்டும் என்று தெரிந்துவிடும்.

சில வாரங்கள் கழித்தும் அப்படியே இருந்தால், வார்ப்புருவை உடைக்கும் பயிற்சி கொடுங்கள். அதே வாதம், ஆனால் வரிசையை மாற்ற வேண்டும்: மறுப்பிலிருந்து தொடங்கலாம், ஆதாரத்தை முதலில் வைக்கலாம், இரண்டு வாக்கியத்தை ஒன்றாக்கலாம். எந்த வரிசை படிப்பவரை எளிதாக அழைத்துப் போகிறது என்று அவர்களே விவாதிக்கட்டும்.

வார்ப்புருவைப் பயன்படுத்தியதற்கு மதிப்பெண் கொடுக்கலாமா?

கூடாது. கொடுத்தால் தொடர்களை எண்ணி எண்ணிப் போடுவார்கள். பிறர் கருத்து நேர்மையாகச் சொல்லப்பட்டிருக்கிறதா, ஆதாரம் முடிவைத் தாங்குகிறதா என்பதற்குக் கொடுங்கள். வார்ப்புருவே இல்லாமல் ஒருவர் அதைச் செய்தால் முழு மதிப்பெண் அவருக்கு.

எப்போது எடுத்துவிட வேண்டும்? நன்றாக எழுதுபவர்களுக்கும் கட்டாயமா?

வுட், புரூனர், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் 1976-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளால் கூம்பகம் அமைக்க ஒருவர் எப்படி உதவுகிறார் என்று கவனித்தார்கள். கற்பவர் தனியாகச் செய்ய முடியாததை மட்டும் உதவுபவர் தாங்கிக்கொள்ளும் இந்த உதவியைக் கட்டடச் சாரம் என்ற பெயரால் அவர்கள் குறித்தார்கள். கற்பவருக்குக் கைவந்ததும் அந்த உதவி விலக வேண்டும்.

விலக்குவதைப் படிப்படியாகச் செய்யலாம். முதலில் முழு வாக்கியம். பிறகு தொடக்கச் சொற்கள் மட்டும். பிறகு கேள்விகள் மட்டும்: பிறர் என்ன சொல்கிறார்கள், எங்கே உடைகிறது, ஏன். கடைசியில் அதுவும் இல்லை. ஒரு மாணவர் எந்த நகர்வைச் செய்கிறேன் என்று வாயால் சொல்லிவிட்டு, வார்ப்புருவில் இல்லாத சொற்களில் அதை எழுதிவிட்டால், அந்த நகர்வுக்கு இனி அவருக்குத் தாள் தேவையில்லை.

ஏற்கெனவே நன்றாக எழுதுபவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். புதியவர்களுக்கு உதவும் வழிகாட்டுதல், தேர்ந்தவர்களுக்கு உதவாமல் போவதும் தடையாக மாறுவதும் கல்வி உளவியலாளர்கள் கல்யுகா, ஸ்வெல்லர் முதலானோர் 2003-ல் விரிவாக எழுதிய விஷயம். அவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள். தங்கள் பத்தியிலிருந்தே வார்ப்புருவை உருவி எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்கட்டும்.

இப்போது செயற்கை நுண்ணறிவே எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்துவிடுகிறதே, இனி இந்தப் பயிற்சிக்கு என்ன பொருள்?

மொழி சரளமாக இருப்பதை வைத்து மாணவர் யோசித்தார் என்று இனி முடிவுகட்ட முடியாது. அது உண்மைதான். அதனால் வீட்டில் நிரப்பி வரும் தாளுக்கு இருந்த மதிப்பு குறைந்துவிட்டது. வகுப்பில் வாயால் வாதிடுவதற்கும், கையில் மூலக் கட்டுரையை வைத்துக்கொண்டு இன்ன பக்கத்தில் இன்ன வரி என்று காட்டுவதற்கும், வரைவுக்கு முந்தைய குறிப்புகளுக்கும் மதிப்பு கூடியிருக்கிறது. இந்த மென்பொருள்கள் இல்லாத கட்டுரைகளை இருப்பதாகக் காட்டுவதும் உண்டு என்பதால், ஆதாரக் கோட்டில் வரும் ஒவ்வொன்றையும் தேடிப் பார்க்க வைப்பது இப்போது முன்பைவிட அவசியம்.

மென்பொருளை வகுப்புக்குள்ளேயே கொண்டுவரலாம். அதே வார்ப்புருவை அதனிடம் கொடுத்து நிரப்பச் சொல்லி, வந்த பத்தியைத் தலைப்பு மாற்றும் சோதனைக்கு உட்படுத்துங்கள். தேறாத வரிகளை மாணவர்கள் அடையாளம் கண்டு, தாங்கள் படித்த கட்டுரைகளை வைத்துத் திருத்தி எழுதட்டும். சரளமான வெற்று வாக்கியத்தை இனம் காணும் பழக்கம் அவர்களுக்கு இனி எப்போதும் தேவைப்படும்.

என் துறைக்குப் பொருந்தும் வார்ப்புரு எங்கேயும் கிடைக்கவில்லை. நானே எப்படி உருவாக்குவது?

துறையில் மதிக்கப்படும் சில கட்டுரைகளை எடுங்கள். முழுதாகப் பார்க்காமல், ஒரே இடத்தை, உதாரணமாக விவாதத்தின் முதல் பத்தியை, மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று ஒரு சொல்லில் குறியுங்கள்: நினைவூட்டுகிறது, ஒப்பிடுகிறது, விளக்கம் தருகிறது, எல்லை சொல்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட கட்டுரைகளில் வரும் வேலைகளை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த வாக்கியங்களில் தலைப்புச் சொற்களை நீக்குங்கள்.

பிறகு, இதுவரை எடுக்காத இன்னொரு நல்ல கட்டுரையின் அதே பத்தியை உங்கள் வார்ப்புருவில் போட்டுப் பாருங்கள். எதையும் இழக்காமல் அடங்கினால் சரி. அடங்காமல் பிதுங்கினால் கோடுகளைத் தளர்த்துங்கள். மாணவர்களிடம் கொடுத்துச் சில காலம் ஆன பின், அவர்கள் தொடாமலே விட்ட வரிகள் எவை என்று கேளுங்கள். அந்த வரி தேவையில்லாததால் விட்டார்களா, கடினம் என்பதால் விட்டார்களா என்று பிரித்துப் பாருங்கள். தேவையில்லாததை எடுத்துவிடுங்கள். கடினமானதை அடுத்த வகுப்பில் கரும்பலகையில் எல்லோருமாகச் சேர்ந்து எழுதுங்கள்.